மதர்போட் செத்துப்போச்சு எண்டு சொல்ல முதல் என்னத்தைப் பாத்தனீங்கள்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எங்கட பக்கத்தில கொம்பியூட்டர் ஒண்டு ஓடேல்லை எண்டு கடைக்குக் கொண்டுபோனால் வாற பதில் அநேகமா ஒண்டுதான், "மதர்போட் செத்துப்போச்சு, புதுசு போடோணும்". என்னத்தைப் பாத்து அப்பிடிச் சொல்லுறியள் எண்டு கேட்டால் ஒரு சிரிப்பு, இல்லாட்டி "பவர் வருதில்லைத்தானே அண்ணை" எண்டொரு மறுமொழி. பவர் வராததுக்கும் ஸ்கிரீனில ஒண்டும் தெரியாததுக்கும் காரணம் கனக்கக் கிடக்கு, அதில போட், அதான் உள்ளுக்கு எல்லாத்தையும் பூட்டுற அந்தப் பெரிய பலகை, உண்மையாவே செத்தது எண்டது எல்லாத்தையும் பாத்து முடிச்சபிறகு கடைசியாச் சொல்லுற கதை. காய்ச்சல் எண்டு போனவனுக்கு நாடி பாக்காமலே மரணச் சேட்டிபிக்கற் எழுதுறமாதிரித்தான் இஞ்ச நடக்குது. இதை உங்கட பத்திரிகை போடோணும் எண்டு நினைச்சு எழுதுறன், நீண்டுபோச்செண்டால் வெட்டிப்போட்டுப் போடுங்கோ.

இப்ப ஏன் உந்தக் கதை எண்டால், எனக்குத் தெரிஞ்ச பெடியளுக்குள்ள வீட்டுக்கு ஒரு சேவர் கட்டுற ஆசை வந்திருக்கு. பழைய ஒபிஸ் கொம்பியூட்டரோ செக்கன் ஹாண்ட் போட்டோ வேண்டி, ரெண்டு ஹாட்டிஸ்க்கைப் போட்டு, விண்டோசுக்குப் பதிலா லினக்ஸ் ஏத்தி, ஒரு மூலையில ராப்பகலா ஓட விடுறது. வீட்டில உள்ள எல்லாற்ற போன் படமும் தன்ரபாட்டில அதுக்குள்ள போயிடும், மாசா மாசம் டொலர் கணக்கில ஆருக்கும் காசு கட்டத் தேவையில்லை. கிவிக்ஸ் எண்டு ஒரு இலவச சொஃப்ட்வெயர் இருக்கு, அதைப் போட்டு தமிழ் விக்கிப்பீடியாவை முழுசா இறக்கி வச்சால் டேற்றா இல்லாமலே வைஃபையில பக்கத்து வீட்டுப் பிள்ளையளும் பாக்குங்கள், பாஸ்ற் பேப்பர், நூலகம் எண்ட இணையத்தளத்தில இருந்து எடுத்த பழைய சஞ்சிகையள் எண்டு எல்லாம் வைக்கலாம். படம் எண்டது எங்கட சனத்துக்குச் சின்ன விசயமில்லை எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2009க்குப் பிறகு மெனிக் பாம் முகாமில இருந்து திரும்பி வந்த எத்தினையோ வீட்டில கலியாணப் படம் ஒண்டுகூட இல்லை, கனடாவிலயும் லண்டனிலயும் இருக்கிற சொந்தத்திட்ட ஸ்கான் பண்ணி எடுப்பிச்சதைத்தான் வச்சிருக்கினம், அப்ப அந்தச் சனம் இன்னொரு கொப்பி வீட்டில இருக்கட்டும் எண்டு நினைக்கிறதில என்ன பிழை.

காசுக் கதையும் இருக்கு. 2022 இல டொலர் 200 ரூவாவில இருந்து 360 மட்டுக்குப் போனபிறகு மதர்போட் விலை பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. கொழும்புக்காரருக்கு ஒரு போட் இல்லாட்டி பம்பலப்பிட்டியில ஏறி இறங்கி நாலு கடையில விசாரிக்கலாம், எங்களுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல பஸ்ஸில பார்சல் போட்டு, அது போய், அவை பாத்து, திரும்பி வந்து... அதால "செத்துப்போச்சு" எண்ட ஒரு சொல்லில இஞ்ச ஒரு குடும்பத்தின்ர மாசச் செலவு தங்கியிருக்கு.

பரந்தன் பக்கம் எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன், ஏ எல் எடுத்துப்போட்டு நிக்கிறவன், எச் 61 போட் ஒண்டும் ஐ5 3470 சீபீயூ (கொம்பியூட்டரின்ர மூளை) ஒண்டும் வேற வேற ஆக்களிட்ட வேண்டிப் பூட்டினான். ஃபான் சுத்துது, மொனிற்றரில ஒண்டுமில்லை. ரவுனில ஒரு கடையில காட்டினவன், போட் முடிஞ்சுது எண்டு சொல்லிப்போட்டினம். உண்மையில என்ன எண்டால், எச் 61 வந்தது 2011 இல, ரெண்டாவது தலைமுறை இன்ரெல்லுக்கு எண்டு. 3470 மூண்டாவது தலைமுறை, 2012 இல வந்தது. சீபீயூ பூட்டுற சொக்கற் ரெண்டுக்கும் ஒண்டுதான், சிக்கெண்டு இருக்கும், ஆனா போட்டுக்குள்ள இருக்கிற பயோஸ் (ஓன் பண்ணின உடன முதல் ஓடுற சின்ன புறோகிராம்) பழசெண்டால் அந்த சீபீயூவை அதுக்கு அடையாளம் தெரியாது, ஃபான் மட்டும் சுத்திக்கொண்டு நிக்கும். போட் செய்த கொம்பனியின்ர தளத்தில ஒவ்வொரு மொடலுக்கும் எந்த சீபீயூவுக்கு எந்த பயோஸ் வேர்சன் வேணும் எண்டு பட்டியல் கிடக்கு, ஆரும் இலவசமாப் பாக்கலாம். பழைய ஐ3 2100 ஒண்டை இரவல் வேண்டிப் போட்டுப் பாத்தால் போட் சோக்கா எழும்புது, பயோசைப் புதுசாக்கிப்போட்டு 3470 ஐத் திருப்பிப் போட்டான், ஓடுது. ஏஎம்டி ஆக்களுக்கும் இதே கதைதான், பி 450 போட்டில ரைசன் 5000 வரிசை போட்டுப்போட்டு தலையில கைவச்சுக்கொண்டு இருக்கிறவை இருக்கினம்.

என்ர கோபம் கடைக்காரத் தம்பிமாரில இல்லை, அவைக்கு அண்டாடம் பிறின்ரரும் போன் டிஸ்பிளேயும் செய்யவே நேரம் காணாது, ஆனா பாக்கிறதெண்டு காசு எடுத்தால் பாக்கத்தானே வேணும். பாக்கிறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு, பெரிய மெசின் ஒண்டும் தேவையில்லை, 2000 ரூவா மட்டில வாற ஒரு மீற்றரும் ஒரு ஸ்குரூ டிரைவரும் காணும்.

முதல்ல போட்டைக் கேசிங்கில இருந்து வெளியில எடுக்கோணும். இதைத்தான் ஒருத்தரும் செய்யினமில்லை, பஞ்சி. கேசிங்குக்குள்ள போட்டுக்குக் கீழ பித்தளைக் கால்கள் பூட்டியிருக்கும், போட்டில ஓட்டை இல்லாத இடத்தில கால் ஒண்டு கூடப் பூட்டியிருந்தால் அது பின்பக்கத்தில முட்டி ஷோட் ஆகும், பவர் சப்ளை உடன தன்னை நிப்பாட்டிப்போடும், வெளியில பாக்கிறவனுக்குப் போட் செத்தமாதிரித்தான் தெரியும். எடுத்து ஒரு கார்ட்போட் பெட்டிக்கு மேல வைக்கோணும். போட் வந்த மினுங்கல் பையுக்கு மேல வச்சு கரண்ட் குடுக்கக் கூடாது, அந்தப் பையின்ர வெளிப்பக்கம் கரண்ட் கடத்தும், கன பேர் அதைப் பாதுகாப்பெண்டு நினைச்சுக்கொண்டு வைக்கினம். பிறகு சீபீயூ, அதுக்கு மேல ஃபான், ஒரு துண்டு றாம் (மெமரி), பவர் சப்ளை, அவ்வளவும்தான். ஹாட்டிஸ்க், கார்ட், யூஎஸ்பி எல்லாம் கழட்டி ஒரு பக்கம். பெரிய 24 பின் வயரோட சீபீயூவுக்குப் பக்கத்தில 4 பின்னோ 8 பின்னோ இன்னொண்டு குத்தோணும், அதை மறந்தால் ஃபான் சுத்தும், வேற ஒண்டும் நடக்காது. கேசிங்கின்ர பட்டனையும் நம்பத் தேவையில்லை, போட்டில பவர் சுவிச் எண்டு எழுதியிருக்கிற ரெண்டு பின்னையும் ஸ்குரூ டிரைவர் நுனியால ஒருக்காத் தொட்டால் காணும்.

அசையவே இல்லையெண்டால் பவர் சப்ளைக்கு வரோணும். 24 பின்னில ஊதா வயர் ஒண்டு இருக்கு, சுவரில பிளக்கைப் போட்ட நேரத்தில இருந்து, கொம்பியூட்டர் ஓஃபில இருந்தாலும், அதில 5 வோல்ட் நிக்கோணும். 4.75 க்கும் 5.25 க்கும் இடையில எண்டால் சரி. மீற்றரின்ர கறுப்பைக் கறுப்பு வயரிலயும் சிவப்பை ஊதாவிலயும் பின்பக்கத்தால செருகிப் பாக்கலாம், அரை நிமிச வேலை. அதில 3 சொச்சம் காட்டினால் அநேகமா பிழை போட்டில இல்லை, பவர் சப்ளைக்குள்ள கப்பாசிற்றர் (கரண்டைச் சேத்து வைக்கிற சின்ன உருளை) களைச்சுப்போச்சு, பட்டனை எத்தினைதரம் அமத்தினாலும் போட் எழும்பாது. எங்கட வெக்கைக்கும் ஏறி இறங்குற வோல்ட்டேஜுக்கும் உந்தக் கப்பாசிற்றர்தான் முதல்ல போறது. ஊதா சரியெண்டால் பச்சை வயரை ஒரு பேப்பர் கிளிப்பால கறுப்போட தொடுத்தால் பவர் சப்ளை தனிய ஓடும், எல்லாரும் செய்யிற விளையாட்டு இது. ஆனா ஃபான் சுத்தினால் பவர் சப்ளை நல்லம் எண்டு அர்த்தமில்லை, சுமை இல்லாமல் நல்லா நிண்டு சுமை வந்த உடன விழுறதுகள் இருக்கு, அதால ஓடுற வேற ஒரு கொம்பியூட்டரின்ர பவர் சப்ளையை மாத்திப் போட்டுப் பாக்கிறதுதான் கடைசிச் சொல்லு. ஒரு விசயம், பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஆரும் திறக்காதேங்கோ, உள்ள பெரிய கப்பாசிற்றரில 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பிளக்கைக் கழட்டினபிறகும் கொஞ்ச நேரம் நிக்கும்.

ஃபான் சுத்துது படம் இல்லை எண்டால் எனக்குப் பிடிச்ச சோதினை ஒண்டு இருக்கு, றாமைக் கழட்டிப்போட்டு ஓன் பண்ணுறது. போட்டில சின்ன ஸ்பீக்கர் பின் இருக்கும், அதில குத்துற குட்டி ஸ்பீக்கர் ஒண்டு மலிவு, இப்ப வாற கேசிங்குகளோட அது வாறதில்லை. றாம் இல்லாமல் ஓன் பண்ணேக்க அது பீப் பீப் எண்டு கத்தினால் நாங்கள் சந்தோசப்படோணும். கத்துறதுக்கு சீபீயூ ஓடோணும், பயோஸ் சிப்பில எழுதியிருக்கிறதை அது வாசிக்கோணும், றாமைத் தேடோணும், காணேல்லை எண்டு முடிவெடுக்கோணும். இவ்வளவும் செய்யிற போட்டை ஆரும் செத்தது எண்டு சொல்லேலாது. எத்தினை பீப், நீளமோ கட்டையோ எண்டதெல்லாம் பயோசுக்குப் பயோஸ் மாறும், அதைப் பாடமாக்கத் தேவையில்லை. ஸ்பீக்கர் இல்லாத புதுப் போட்டுகளில சீபீயூ, றாம், விஜிஏ (படம் காட்டுற பகுதி), பூட் எண்டு நாலு குட்டி லைற் வச்சிருப்பாங்கள், எது அணையாமல் நிக்குதோ அங்கதான் பிரச்சினை. டிடிஆர் 5 எண்ட புது வகை றாம் போடுற போட் எண்டால் பொறுமை வேணும், முதல்தரம் ஓன் பண்ணேக்க றாமைப் பழக்கி எடுக்கச் சில நிமிசம் ஸ்கிரீன் இருட்டாவே கிடக்கும், அந்த இடையில ஓஃப் பண்ணி ஓஃப் பண்ணிப் போட்டு போட் சரியில்லை எண்டு சொல்லுறதில அர்த்தமில்லை.

றாம் எண்டு வரேக்க சேவர் கட்டுற பெடியளுக்கு விசேசமாச் சொல்லோணும். இன்ரநெற்றில சேவர் றாம் எண்டு 16 ஜிபி துண்டு சும்மா விலைக்குப் போகும், சேவர்தானே கட்டுறம் எண்டு அதை வேண்டுவினம். அது றெஜிஸ்டர்ட் றாம், உண்மையான சேவர் போட்டுக்குச் செய்தது, வீட்டுப் போட்டில கச்சிதமாப் பூந்து நிக்கும் ஆனா ஓடாது. ஸ்ரிக்கரில பீசீ3 10600 எண்டதுக்குப் பின்னால ஆர் எண்டு ஒரு எழுத்து இருந்தால் தொடாதேங்கோ, யூ எண்டு இருக்கோணும். அதேமாதிரி பின்னால எஃப் எண்டு எழுத்து வாற இன்ரெல் சீபீயூவுக்கும், ரைசன் 5000 வரையில ஜி எண்டு முடியாத கன சீபீயூவுக்கும் உள்ளுக்கு கிராபிக்ஸ் இல்லை, போட்டின்ர எச்டிஎம்ஐயில கேபிளைக் குத்திப்போட்டு விடிய விடிய இருந்தாலும் படம் வராது.

இவ்வளவுக்கும் பிறகும் எழும்பாட்டி சீஆர் 2032 பற்றறியைக் கழட்டி, பிளக்கையும் கழட்டி, கொஞ்ச நேரம் விட்டுட்டுப் போட்டுப் பாக்கலாம். சீபீயூவைக் கழட்டி சொக்கற்றுக்குள்ள ரோச் அடிச்சுப் பாக்கலாம், ஒரு பின் வளைஞ்சு நிண்டாலும் பக்கத்தால வெளிச்சம் அடிக்கேக்க அந்த இடம் மட்டும் வேறமாதிரி மினுங்கும்.

உண்மையாச் செத்த போட்டும் இருக்குத்தான். சீபீயூவைக் கழட்டிப்போட்டு, சீபீயூவுக்குப் போற அந்த 4 பின் சொக்கற்றில 12 வோல்ட் பக்கத்துக்கும் எர்த் பக்கத்துக்கும் இடையில மீற்றர் சுழியத்துக்குக் கிட்டக் காட்டினால், கீழ மொஸ்ஃபெற் (கரண்டைத் திறந்து மூடுற சின்னச் சுவிச் மாதிரி ஒண்டு) ஒண்டு ஷோட் அடிச்சுப்போச்சு, சில நேரம் மூக்கை வச்சால் மணமே அடிக்கும். இதிலயும் அவசரப்பட்டு, சீபீயூ சொக்கற்றுக்குப் பக்கத்தில இருக்கிற கொயிலுகளில அளந்துபோட்டு ஷோட் எண்டு சொல்லக்கூடாது, அந்தப் பாதையில ரெசிஸ்ரன்ஸ் குறைவாத்தான் இருக்கும், அது இயற்கை. பயோஸ் சிப் பழுதானால் அது 8 கால் உள்ள ஒரு சின்னச் சிப், சீஎச் 341ஏ எண்ட புறோகிராமரால (சிப்பில எழுதுற குட்டிச் சாமான்) திருப்பி எழுதலாம், பழைய போட்டுகளுக்கு 3.3 வோல்ட், சில புதுசுகளுக்கு 1.8 வோல்ட், அதைப் பாக்காமல் குத்தினால் சிப் போயிடும். இந்தப் புறோகிராமர் மலிவான சாமான், ஆனா எங்கட ரவுனில நான் கேட்டுப் பாத்த இடமொண்டிலயும் இல்லை.

மற்றது இடி. சித்திரை மாசப் பின்னேரத்திலயும் ஐப்பசி மழை துவங்கேக்கயும் இடிக்கிற இடி எங்கட வெளியள்ல எப்பிடி விழும் எண்டு எல்லாருக்கும் தெரியும். ரீவியையும் பிரிட்ஜையும் கழட்டுவினம், டெலிபோன் வயர் றவுட்டருக்குப் போய், றவுட்டரில இருந்து லான் கேபிள் சேவருக்குப் போறதைக் கவனிக்கமாட்டினம். இடி அந்த வழியால வந்தால் போட்டில இருக்கிற லான் சிப் எரியும், அந்த ஒரு சிப் ஷோட் அடிச்சதால முழுப் போட்டும் எழும்பாமல் நிக்கும், பிளக்கைப் போட்டுட்டு விரலால மெல்லத் தடவினால் அந்தச் சிப் மட்டும் கொதிக்கும். சூடான காத்தடிச்சுச் சிப் கழட்டுற ஹொட் எயர் வேலை தெரிஞ்ச ஒருத்தர் அதைக் கழட்டி எறிஞ்சால் சில போட்டுகள் திரும்ப எழும்பும், பிறகு தனி லான் கார்ட் ஒண்டு போட்டுச் சமாளிக்கலாம். 24 மணித்தியாலமும் ஓடுற சேவர் எண்டால் எர்த் சரியா இருக்கோணும். கேசிங்கில கை பட்டால் சுள்ளெண்டு இழுக்குது, கோடையில இன்னும் கூடுதலா இழுக்குது எண்டு சொல்லுவினம், அது எர்த் பின்னை உடைச்சுப்போட்டு ரெண்டு பின்னில ஓடுறதாலயோ, எர்த் கம்பி நட்ட மண் காஞ்சுபோனதாலயோ வாறது, மீற்றரால அளந்தால் கேசிங்கில 115 வோல்ட் மட்டில நிக்கும். சாதாரணமா ஆளைக் கொல்ற அளவு கரண்ட் அதில ஓடாது எண்டாலும், இடி வந்தால் போறதுக்கு அதுக்கு வழி இல்லை.

(கரண்ட் பில்லையும் கணக்குப் பாருங்கோ தம்பிமாரே. 40 வாட்ஸ் இழுக்கிற பழைய கொம்பியூட்டர் மாசம் முழுக்க ஓடினால் 29 யூனிற்றுக்குக் கிட்ட. யூனிற் கூடக் கூடப் படிப்படியா வீதம் கூடுற எங்கட பில்லில அது உங்களை அடுத்த படிக்குத் தூக்கிப்போடலாம், அம்மாட்டப் பேச்சு வேண்ட முதல் சொல்லிப்போட்டன்.)

இன்னொண்டு, ஹாட்டிஸ்க் கனக்கப் போடுறவை பவர் சப்ளை மாத்தினால் வயரையும் சேத்து மாத்தோணும். கழட்டிப் பூட்டுற வயர் உள்ள பவர் சப்ளையள்ல, சப்ளைப் பக்கத்துச் சொக்கற்றுக்கு ஒரு பொது ஒழுங்கு இல்லை, ஒரு கொம்பனி வயர் இன்னொண்டில அப்பிடியே போய்க் குந்தும், 5 வோல்ட் போற இடத்தில 12 வோல்ட் போகும், படமெல்லாம் இருக்கிற ஹாட்டிஸ்க் ஒரு செக்கனில புகையும். போட் போனால் காசோட போகும், படம் போனால் என்ன செய்யிறது.

இனி என்ர கேள்விக்கு வாறன். கிளிநொச்சி அறிவியல்நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடம் இருக்கு, இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அங்கதான் இருக்கு, வவுனியாவில ஒரு பல்கலைக்கழகம் இருக்கு. மீற்றர், ஹொட் எயர், புறோகிராமர் எல்லாம் உள்ள இடங்கள், படிக்கிற பிள்ளையளுக்கும் கை பழகப் பழுதான போட் வேணும். வருசத்தில ஒண்டு ரெண்டு சனிக்கிழமை, செத்தது எண்டு வீட்டில கிடக்கிற போட்டுகளைக் கொண்டுவாங்கோ, பாப்பம் எண்டு அறிவிச்சால் போதும், சனம் சாக்கில கட்டிக்கொண்டு வரும். உங்கட பத்திரிகை இதைக் கேட்டு எழுதினால் நாங்கள் தனித்தனியக் கேக்கிறதிலும் பாக்க எடுபடும்.

கடைக்காரரிட்ட நான் கேக்கிறது அதிலும் சின்ன விசயம். போட் செத்தது எண்டு சொன்னால் பில்லுக்குப் பின்னால நாலு வரி எழுதித் தாங்கோ. ஊதா வயரில எத்தினை வோல்ட் இருந்தது, றாம் இல்லாமல் ஓன் பண்ணேக்க கத்தினதோ இல்லையோ, எந்த றாமும் எந்த பவர் சப்ளையும் மாத்திப் பாத்தனீங்கள், சீபீயூ 12 வோல்ட்டில ஷோட் இருக்கோ இல்லையோ. இந்த நாலும் எழுதியிருந்தால் போட் உண்மையிலயே முடிஞ்சுது எண்டு நானும் நம்புவன், கொழும்புக்கு வொரன்ரிக்கு அனுப்பினாலும் அங்க கதைக்க ஒரு கடுதாசி இருக்கும், பிழைச்சுப்போனால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில காட்டவும் ஒண்டு இருக்கும். வொரன்ரிக்கு அனுப்புறவை சீபீயூ சொக்கற்றுக்கு மேல வாற கறுப்புப் பிளாஸ்ரிக் மூடியையும் போட்டு அனுப்புங்கோ, அது இல்லாட்டி பின் வளைஞ்சிட்டுது எண்டு திருப்பிவிடுவினம். பாத்து எழுதித் தாறதுக்கு 1000 ரூவா செக்கிங் காசு கேட்டால் நான் குடுப்பன், "செத்துப்போச்சு" எண்ட சொல்லுக்கு மட்டும் எண்டால் 100 ரூவாவும் குடுக்கமாட்டன்.

இப்படிக்கு,
உங்கட நீண்டகால வாசகர்,
பரந்தன்.